ரோந்துக் கப்பலின் காலித் தளம்

தம்பி, நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் கப்பலில் ஒரு நாள் இருந்துவிட்டு நானும் உன் அம்மாவும் போடிக்குத் திரும்பி மழைக்காலமே முடிந்துவிட்டது. மேலே தோட்டங்களில் ஏலக்காய் எடுக்கத் தொடங்கி, இங்கே ஸ்டோரில் காய் உலர்த்தும் அடுப்பும் எரிய ஆரம்பித்தாயிற்று. இத்தனை நாளும் அந்தக் கப்பலைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூப்பிடும்போது உன் அம்மா வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். "அப்பா என்னம்மா பண்றாரு?" என்று கேட்கிறாய். "பேப்பர் படிக்கிறாருப்பா" என்கிறாள். அது பெரும்பாலும் முந்தைய நாள் பேப்பர்.

போன ஞாயிறு நீ சொன்னதையும் அப்படித்தான் கேட்டேன். "மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுக்கணும்மா. இன்னும் கொஞ்ச வருசம் இருக்கேன்னு சொன்னா, இதே மாதிரி புதுசா ஒரு கப்பல் கட்டுறாங்க, அதுக்கு மொத செட்டு ஆளுங்களோட அனுப்புவாங்க. இல்லேன்னா வெளிய வந்துறலாம். ஸ்டோரப் பாக்க வாடான்னு அப்பா சொன்னா வந்துர்றேன். அவரு சொல்லட்டும்." போனை வைத்த பிறகு உன் அம்மா என் எதிரில் வந்து நின்றாள். "கேட்டுச்சுல்ல? பிள்ள வாய்விட்டுக் கேட்டுட்டான். நீங்க என்ன, வாயில ஏலக்காயா அதக்கி வச்சிருக்கீக?" என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. இதோ இங்கே சொல்கிறேன். பொறுமையாகப் படி. நான் சுற்றி வளைத்துத்தான் வருவேன், மலைப்பாதை அப்படி.

நான் யார் என்பது உனக்குத் தெரியும். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு ஏலக்காய் சலிக்க வந்தவன். தோட்டத்தைத் தான் எடுத்துக்கொண்டு, புகை குடிக்கிற ஸ்டோரை எனக்கு ஒதுக்கிய உன் பெரியப்பாவை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. பொட்டிபுரத்து மலைக்குள் நியூட்ரினோ ஆராய்ச்சிக்கூடம் வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது, வேண்டும் என்றவனோடும் சண்டை போட்டேன், அறிவியல் தெரியாமல் வேண்டாம் என்றவனோடும் சண்டை போட்டேன். டீக்கடையில் என் பக்கத்து நாற்காலி அன்றிலிருந்து காலியாகத்தான் கிடக்கிறது. இந்த வரிசையில் உன் மேலும் எனக்கு ஒரு கோபம் இருந்தது. பதினெட்டு நிறையாத வயதில் நீ ஒரு தாளை நீட்டினாயே, அன்று தொடங்கியது.

"அப்பா, இதுல ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

"நேவிக்குப் போறேன். பெத்தவங்க சம்மதம் வேணுமாம்."

"கடல நீ எங்கடா பாத்த?"

"வைகை அணை பாத்திருக்கேன்ல."

உன் அம்மா சிரித்துவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த ஜென்மத்துல என் கையெழுத்து ஒனக்குக் கிடையாது" என்றேன். நீ தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். மறுநாள் உன் அம்மா போட்டுக் கொடுத்தாள். அவள் கையெழுத்தும் செல்லும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

பிறகு நீ வாட்ஸ்அப்பில் கப்பல் படம் அனுப்பினாய். பல வேலைகளைச் செய்கிற ரோந்துக் கப்பல் என்று எழுதியிருந்தாய். கரையோரத்தைக் காவல் காக்கும், கடத்தல் படகைத் துரத்தும், புயல் வந்தால் நிவாரணம் கொண்டுபோகும், தீப்பிடித்த கப்பலுக்குத் தண்ணீர் பீய்ச்சும், முழுகுகிறவனைத் தூக்கும், தேவைப்பட்டால் சுடும். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் சல்லடைக்காரன் அல்லவா? நம் தொழிலில் எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு சல்லடை, ஏழுக்கு வேறு சல்லடை. எல்லாக் காயையும் ஒரே சல்லடையில் பிரிப்பேன் என்று ஒருவன் வந்தால், அவனுக்குக் காயும் தெரியாது, சல்லடையும் தெரியாது. "எல்லாச் சோலியும் பாக்குறேங்குறது ஒரு சோலியும் உருப்படியாப் பாக்காது" என்று ஏலக்காய் ஏல மையத்து வாசலில் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, உன் பெரியப்பா பக்கத்தில் வந்து நின்றார். "என்னடா தம்பி, ஒம் மகன் கடல்ல வாச்மேன் வேல பாக்குறானாமுல்ல?" என்று கேட்டார். நாலு வியாபாரிகள் சிரித்தார்கள். நான் அங்கிருந்து வந்துவிட்டேன். அவர் மேல் உள்ள கோபத்தில் பாதியை உன் கணக்கில் எழுதிவிட்டேன் என்பது இப்போது புரிகிறது. அது தவறு. ஆனால் அவர் கணக்கில் உள்ளது அப்படியே இருக்கிறது.

குடும்பத்தாரை ஒரு நாள் கப்பலில் ஏற்றிக் கடலுக்குள் கூட்டிப்போகிறார்கள் என்று நீ எழுதியபோது நான் வரமாட்டேன் என்றேன். "நீங்க வராட்டி நான் தனியாப் போறேன். அந்தூர்ல யாராச்சும் இந்தியில கேட்டா, எம் புருசன் கோவிச்சுக்கிட்டு வீட்ல ஒக்காந்திருக்காருன்னு சைகையில சொல்றேன்" என்றாள் உன் அம்மா. சைகையில் அதை எப்படிச் சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். நானே வருவது மேல் என்று பட்டது.

துறைமுகத்தில் அதைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, நான் நினைத்ததைவிடச் சிறியது என்பதுதான். பக்கத்தில் நின்ற சரக்குக் கப்பல் அதை மறைத்துவிடும்போல இருந்தது. ஆனால் அதன் முன்பகுதி கத்தியின் வாய்போல மெலிந்து ஏறியிருந்த விதத்தில் ஒரு அழகு இருந்தது. சாம்பல் நிறம், வீண் அலங்காரம் எதுவும் இல்லை. நீ வெள்ளைச் சீருடையில் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, "வாங்கப்பா" என்றாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். உன் சட்டையின் மடிப்பு நேராக இருந்தது. நம் வீட்டில் நீ சட்டையைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் எறிகிறவன்.

கப்பல் புறப்பட்டதும் நான் செய்த காரியத்தை உன் கப்பலில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன். சிரிக்கட்டும். போடிமெட்டுப் பாதையில் வாந்தி வராமல் இருக்க ஒரே வழி முன் சீட்டில் உட்கார்வது. கொண்டை ஊசி வளைவு வருவது கண்ணுக்குத் தெரிந்தால் வயிறு தயாராகிவிடும். பின்னால் மூட்டைகளோடு உட்கார்ந்தவன்தான் குடலைப் பிடித்துக்கொள்வான். சின்ன வயதில் முன் சீட்டு எப்போதும் உன் பெரியப்பாவுக்கு, நான் மூட்டைமேல். அதனால் கப்பல் லேசாக ஆடத் தொடங்கியவுடன், வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொண்டு, யாரும் இடம் பிடிப்பதற்குள் வெரசாக நடந்து முன்முனைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மாவையும் கூப்பிட்டேன். "நான் இங்கனயே இருக்கேன்" என்றாள். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் அந்த முன்முனை என்னை மாடி உயரம் தூக்கிக் கீழே போட்டது. மறுபடி தூக்கியது. நானோ, இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் சரியாகிவிடும் என்று நகர்ந்தேன். மலைக்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள்.

நான் வாந்தியெடுத்தபோது என் தோளைப் பிடித்தது உன் கூட்டாளி ஷிஜு. பூப்பாறைப் பக்கத்துப் பையனாம். "பேடிக்கண்டா அச்சா, ஒண்ணுமில்ல" என்றான், பயப்படாதீங்கப்பா என்று. கடல் நடுவில் நம் மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பாதி தெளிந்துவிட்டது. அதற்குள் நீ வந்து, "அப்பா, கப்பல்ல முன் சீட்டுதான் மோசம். நடுவுல வாங்க, ஆட்டமே தெரியாது" என்று கையைப் பிடித்தாய். அன்று நாம் பேசிக்கொண்டதே அவ்வளவுதான். நடுவில் என்னை உட்கார வைத்து, முகம் துடைக்க ஈரத்துணி கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். ஆட்டம் நின்றுவிட்டது. வாழ்நாள் முழுக்க முன் சீட்டுக்காகச் சண்டை போட்டவன் நான். நடுவில் உட்கார்ந்தால் இவ்வளவு நிம்மதி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பிறகு ஒரு அதிகாரி எங்களைக் கப்பல் முழுக்கக் கூட்டிப்போனார். பீரங்கியைக் காட்டினார், முன்னால் தனியாக, பேசத் தெரிந்தும் பேசாத ஆள்போல அது நின்றது. ரேடார் திரையைக் காட்டினார். நீ வேலை பார்க்கிற என்ஜின் அறையின் கதவைத் திறந்தபோது வந்த சூடு எனக்கு நம் ஸ்டோரை நினைவூட்டியது; ஆனால் அங்கே தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கடைசியில் பின்தளத்துக்கு வந்தோம். அகலமான வெறும் தளம். ஒன்றுமே இல்லை. நான் கேட்டேன்: "இவ்வளவு இடத்தை ஏன் சும்மா போட்டிருக்கிறீர்கள்?" நான் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பில்தான் கேட்டேன். அவர் சொன்ன பதில் என் மண்டையில் இன்னும் ஓடுகிறது. இந்த இடம்தான் இந்தக் கப்பலின் பலம் என்றார். இன்றைக்கு ஹெலிகாப்டர் இறங்கும். புயல் வந்தால் அரிசியும் மருந்தும் ஏறும். வேறொரு நாள் கடலில் தத்தளித்தவர்களை இங்கேதான் வரிசையாக உட்காரவைத்துப் போர்வை கொடுப்போம். என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் நிரப்பாமல் வைத்திருக்கிறோம் என்றார்.

எனக்கு நம் ஜீப்பு ஞாபகம் வந்துவிட்டது. டிரைவர் சுருளி, வாங்கிய மறுவாரமே பின் சீட்டுகளைக் கழற்றி ஸ்டோர் மூலையில் போட்டானே, நினைவிருக்கிறதா? காலையில் கூலிப்பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும். சாயங்காலம் பச்சைக்காய் லோடு இறங்கும். நடுவில் கல்யாணப் பந்தல் சாமான், தேர்தல் பெட்டி, காய்ச்சல்காரன், ஒருமுறை தேவாரம் ஊர்க்காரர் ஒருவரின் பிணம். அதை வேலை தெரியாத வண்டி என்று யாராவது சொன்னால் நான் அடித்திருப்பேன். சல்லடைக்கு ஒரு வேலைதான். ஜீப்புக்கு இடம் இருக்கிறது, வேலையை ஏறுகிறவன் கொண்டுவருகிறான். உன் கப்பலைச் சல்லடையோடு ஒப்பிட்டது என் பிழை. அதை ஜீப்போடு ஒப்பிட்டிருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் கேசரி கொடுத்தார்கள். நான் இரண்டாவது கரண்டி வாங்கும்போது ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. சீருடைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் சத்தம் போடவில்லை, ஆனால் ஒரு நிமிடத்தில் அறை காலி. ஒரு மீன்பிடிப் படகில் வலை இழுக்கிற உருளையில் ஒருவர் கை சிக்கிவிட்டது, அருகில் இருப்பது நாம்தான் என்று ஷிஜு எங்களிடம் சொல்லிவிட்டுப் போனான். நாங்கள் மேலே போய்க் கம்பியோரம் நின்றோம். சின்ன நீலப் படகு ஒன்று அலையில் பக்கவாட்டில் கிடந்து ஆடியது. நம் கப்பலின் பக்கத்திலிருந்து ரப்பர் படகைக் கிரேனில் கீழே விட்டார்கள். அதன் என்ஜின் பக்கத்தில் தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தது நீ. உன் அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "அது நம்ம பயதான?" என்றாள். நீதான் என்று அவளுக்கும் தெரியும்.

அடிபட்டவரைக் கூட்டி வந்தீர்கள். அந்த மனிதரின் கையைத் துண்டால் சுற்றியிருந்தார்கள், துண்டு முழுக்கச் சிவப்பு. எந்த மேஜையில் நாங்கள் கேசரி தின்றோமோ அதே மேஜையின் மேல் பெரிய விளக்கை இழுத்துவிட்டு, அவரைப் படுக்கவைத்து மருத்துவர் வேலையைத் தொடங்கினார். மேஜையும் ஜீப்பு மாதிரிதான் என்று நினைத்தேன். கூடவே வந்த அவருடைய மைத்துனர் தளத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சு அவருக்குத் தன்னால் வந்தது.

"கப்பல் திரும்புறதப் பாத்ததும் எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சுண்ணே. எதுக்குத் தொரத்துறாங்கன்னுதான் நெனச்சேன். முன்னாடி பீரங்கி வேற நிக்குது."

"பெறகு?"

"பெறகென்ன, அந்த ரப்பர் போட்டுல வந்த தம்பி, 'அண்ணே பயப்படாதீங்க, கைய ஒசரத் தூக்கிப் பிடிங்க'ன்னு தமிழ்ல சொன்னாரு பாருங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு. உருளையக் கழட்டி மச்சான் கைய எடுத்ததும் அவருதான். யாரு பெத்த பிள்ளையோ."

"எம் பிள்ளதான்" என்றேன்.

தம்பி, நீ வீட்டை விட்டுப் போன பிறகு இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் கேட்டால், "இருக்கான், எங்கயோ இருக்கான்" என்பேன். கடல் நடுவில், முன்பின் தெரியாத ஒருவரிடம், அது என் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உன் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

கரைக்குத் திரும்பும்போது ஷிஜு எனக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்தான். அப்போது அவன் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "அச்சனல்லே அந்த ஏலக்காய் மூட்டையெல்லாம் மழையில ரோட்டுல எறக்கி வச்சது?" என்று கேட்டான். எனக்குப் புரியவில்லை. "உங்க மோன் எப்பவும் பறயும். பிரசவ வலி வந்த ஒரு பொண்ண ஜீப்புல ஏத்தணும்னு அச்சன் லோடு மொத்தமும் எறக்கச் சொன்னதாம். இன்னிக்கும் போட்டுல எறங்கறதுக்கு முன்னாடி அதுதான் பறஞ்சான். எங்கப்பா மூட்டைய எறக்கின மாதிரி எறங்கணும்டான்னு."

உனக்கு நினைவிருக்கும் என்று நான் கனவிலும் எண்ணவில்லை. நீ அன்று மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த சின்னப் பயல். போடிமெட்டு வளைவில் அந்தப் பெண்ணைப் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் மழையில் இறங்கி வந்தார்கள். சுருளி என்னைத் திரும்பிப் பார்த்தான். "எறக்குடா" என்றேன். சொன்னது நான். ஆனால் மறுநாள் உன் பெரியப்பா ஊர் முழுக்க, "சுருளி நல்ல மனுசன், எந் தம்பி தடுத்தும் கேக்காம மூட்டைய எறக்கிட்டான்" என்று சொல்லிவிட்டார். ஊர் அதைத்தான் நம்பியது. சுருளியே சொல்லியும் யாரும் கேட்கவில்லை. அவனுடைய அடக்கம் என்று அதையும் அவன் புகழில் சேர்த்துவிட்டார்கள். நான் சொன்னால் பெருமையடிப்பதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன், விட்டுவிட்டு உள்ளுக்குள் வெந்தேன். போடியில் ஒருவரும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை நீ கடலுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். உன்னை அந்த ரப்பர் படகில் இறக்கியதில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்ற நினைப்பில், அந்த ராத்திரி ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆனால் அது நல்ல விழிப்பு.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில்: வராதே. எழுதிக் கொடு, புதுக் கப்பலுக்குப் போ. கட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் என்ஜினைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பை, காய் சலிப்பதற்காக விட்டுவிடாதே. ஸ்டோரை நான் முடிந்தவரை நடத்துவேன், முடியாதபோது யாருக்காவது வாடகைக்கு விடுவேன். உன் பெரியப்பாவுக்கு மட்டும் விடமாட்டேன். என் கோபங்களை நீ சொத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை எனக்கே போதிய அளவுதான் இருக்கின்றன. உன்னிடம் சொல்ல எனக்கு இருக்கும் புத்திமதி ஒன்றுதான்: மனதில் அந்தப் பின்தளத்தைப்போலக் கொஞ்சம் இடத்தைச் சும்மா வைத்துக்கொள். நான் வைத்துக்கொள்ளவில்லை. எல்லா இடத்திலும் பழைய மூட்டைகள். லீவில் வரும்போது ஜீப்பின் பிரேக்கைப் பார். சுருளிக்குக் கண் மங்கிவிட்டது, ஒப்புக்கொள்ள மறுக்கிறான். ஷிஜுவையும் கூட்டிவா, முன் சீட்டில் அவனை உட்காரவைக்கலாம்.

எழுதி முடித்ததை உன் அம்மா வாங்கிப் படித்தாள். படிக்க நேரம் எடுத்துக்கொண்டாள். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடியில கையெழுத்தக் காணோம்?" என்றாள்.

"இந்த ஜென்மத்துல கிடையாதுன்னு சொல்லிட்டேன்ல."

"அதையுமா பிடிச்சுக்கிட்டு இருக்கீக?"

ஆமாம், பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை, இதற்காக இந்த வயதில் தொடங்கப்போவதும் இல்லை. உறையில் உன் கடற்படை எண்ணையும் கப்பல் பெயரையும் மட்டும் எழுதி, நானே நடந்துபோய்த் தபால் பெட்டியில் போடுகிறேன். அனுப்புநர் இடத்திலும் ஒன்றும் இருக்காது. தாளின் அடியில் நாலு விரல் அகலம் வெறுமையாக விட்டிருக்கிறேன். அதைப் பார்த்து, இந்த மனிதர் இன்னும் மாறவில்லை என்று நினைத்துக்கொள். அப்புறம், அந்தக் காலி இடத்தில் என்ன ஏற்ற வேண்டுமோ அதை ஏற்றிக்கொள்.